கோவையில் வேலை, வீடு கோவையிலா பொள்ளாச்சியிலா: புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு

கோவையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "பொள்ளாச்சியில வாடகை கம்மியாமே, அங்கயே வீடு பாத்துடலாமா?" என்பதுதான். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர், நல்ல நான்கு வழிச்சாலை. போகிற வழியெல்லாம் தென்னந்தோப்பு, தெற்கே ஆனைமலை. ஒருமுறை போய்வந்தவர்களுக்கு மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

நாங்கள் கும்பகோணத்திலிருந்து வந்தவர்கள். சிங்காநல்லூரில் மூன்று வருடம், பொள்ளாச்சியில் ஒன்பது வருடம். இரண்டு முறையும் வாடகையை மட்டும் வைத்து வீடு பார்த்தோம். முதல் முறை அது எங்களைக் கஷ்டப்படுத்தியது, இரண்டாம் முறை, அங்கே முதலில் எடுத்த வீடு சரிவராவிட்டாலும், ஊர் தற்செயலாகச் சரியாக அமைந்தது. ஏன் சரியாக அமைந்தது என்று பின்னால் யோசித்ததில் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சம்பாதிக்கிறவருக்கு எந்த ஊர் வசதி என்று எல்லோரும் பார்க்கிறோம். அவர் வீட்டில் இருப்பதோ தூங்கும் நேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான். பகல் முழுக்க வீட்டிலேயே இருக்கப்போகிறவர் யாரோ, அவருக்குப் பொருந்துகிற ஊரா என்று முதலில் பாருங்கள்.

முதல் வேலை: கோவையில் எந்தப் பக்கம்?

"ஆபீஸ் கோயம்புத்தூர்ல" என்பது போதாது. கோவை பெரிய ஊர். 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் எல்லாம் சேர்ந்து 100 வார்டுகள் கொண்ட மாநகராட்சியாகிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து வருகிற சாலை தெற்குப் பக்கமாக நுழைகிறது: கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம், மலுமிச்சம்பட்டி, ஈச்சனாரி, குறிச்சி, ஆத்துப்பாலம், உக்கடம். இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் வேலை மலுமிச்சம்பட்டியிலோ, ஈச்சனாரிப் பக்கத்துக் கல்லூரிகளிலோ, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ இருந்தால் பொள்ளாச்சி தாராளமாகச் சரிவரும். உக்கடத்தைத் தொடாமலே இறங்கிவிடலாம். என் கணவருக்குச் சிட்கோவில் வேலை. சிங்காநல்லூரிலிருந்து போனபோது சிக்னல் சிக்னலாக நின்று போனவர், பொள்ளாச்சியிலிருந்து போக ஆரம்பித்த பிறகு தூரம் பல மடங்கு ஆகியும் அலுப்புக் குறைந்ததாகச் சொன்னார். காலையில் ஏறினால் உட்கார இடம், ஒரே பஸ்.

வேலை சரவணம்பட்டி ஐ.டி. பூங்காக்களில் என்றால் பொள்ளாச்சியை மறந்துவிடுங்கள். தெற்கே நுழைந்து ஊரை முழுக்கக் கடந்து வடக்கே போக வேண்டும். உக்கடத்தில் இறங்கி, காந்திபுரம் போய், அங்கே இன்னொரு பஸ். 2024 ஆகஸ்டில் உக்கடம் மேம்பாலம் திறந்த பிறகு ஆத்துப்பாலத்தில் நிற்கிற நேரம் மிச்சமாகியிருக்கிறது, ஆனால் மேம்பாலம் இறங்கினதும் அதே டவுன் நெரிசல்தான். பீளமேடு, விமான நிலையப் பக்கம் வேலை என்றால் நடுத்தரம். சொந்த வண்டி இருந்தால் எல் அண்ட் டி பைபாஸ் வழியாக நீலாம்பூர் போய்ச் சேரலாம். பஸ்ஸை நம்பினால் கஷ்டம்.

ரயிலையும் சொல்லிவிடுகிறேன். போத்தனூர் – பொள்ளாச்சி பாதை 2017-ல் அகலப்பாதையாகத் திறந்தது. ரயில்கள் குறைவு. உங்கள் ஷிப்டுக்குப் பொருந்துகிற ஒரு ரயில் போகவும் ஒரு ரயில் வரவும் இருந்தால் மட்டுமே அதைக் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது: ஆளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை எழுதுங்கள்

ஒரு காகிதம் எடுத்து, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி பத்து மணி வரை எழுதிப் பாருங்கள். கோவைக்கு ஒரு பக்கம், பொள்ளாச்சிக்கு ஒரு பக்கம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

எங்கள் மாமியாருக்கு நாங்கள் அப்படி எழுதியிருந்தால் சிங்காநல்லூரில் மூன்றாவது மாடியில் வீடு எடுத்திருக்கவே மாட்டோம். லிஃப்ட் இல்லை. அத்தைக்கு முழங்கால் வலி. காலையில் காய்கறி வண்டிக்காரர் கீழே கூப்பிடுவார், அவர் பால்கனியிலிருந்து பார்ப்பார், அவ்வளவுதான். நான் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவேன். எதிர் வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், கதவு சாத்தியே இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் வந்தபோது, "இன்னிக்கு நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலம்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

பொள்ளாச்சியில் வெங்கடேசா காலனிப் பக்கம் தரைத்தளத்தில் லைன் வீடு, அதாவது ஒரே வளாகத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. வாசலில் உட்கார்ந்தால் நாலு பேர் பேச்சுக் கொடுப்பார்கள். கோவில், மருந்துக்கடை, மளிகைக்கடை எல்லாம் நடந்துபோகிற தூரம். ஒரே மாதத்தில், தெருவில் யாருக்கு என்ன மருந்து, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று எனக்கே அவர்தான் சொல்ல ஆரம்பித்தார்.

இதே காகிதம் வேறொரு வீட்டுக்கு வேறு பதில் சொல்லும். மனைவி மென்பொருளில் இருந்து வேலையை விட்டு வருகிறார், மறுபடியும் வேலை தேடப்போகிறார் என்றால் அவருடைய செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சியில் வெறுமையாக இருக்கும். இங்கே பள்ளி, வங்கி, மருத்துவமனை, தேங்காய், நார் ஏற்றுமதி சார்ந்த வேலைகள் உண்டு, ஐ.டி. வேலைக்குக் கோவைதான். "கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும்" என்று கணவர் சொல்லி முடிவெடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச நாள் வருடங்களாக நீளும். அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டிலிருந்தே கணினியில் வேலை என்றால் இரண்டு ஊரும் ஒன்றுதான். ஃபைபர் இணைப்பு அந்தத் தெருவுக்கே வருகிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இரண்டு இடத்திலும் உண்டு, அன்றைக்குப் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது. இன்வெர்ட்டர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது: கணக்கு

சும்மா ஒரு கணக்கு போடுவோம். கோவையில் பார்த்த வீடு 14,000, பொள்ளாச்சியில் பார்த்த வீடு 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 5,000 மிச்சம். பைக்கில் போகவர 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 4,000 போய்விட்டது. டயர், ஆயில், சர்வீஸ் சேர்த்தால் மிச்சம் என்று ஒன்றும் நிற்காது. காரில் போனால் இந்தக் கணக்கே வேண்டாம், கையிலிருந்துதான் போகும். பஸ்ஸில் போகிறவருக்குத்தான் பொள்ளாச்சி வாடகை உண்மையாகவே மிச்சம் தரும். தினமும் 80 கிலோமீட்டர் பைக் ஓட்டுவதை, அதுவும் இருட்டிய பிறகு லாரிகளுக்கு நடுவே, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெண்கள் வேலைக்குப் போகும் வீடாக இருந்தால் இன்னொன்று. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கோவைக்குள்ளேயே வீடும் வேலையும் இருந்தால் மாதம் நல்ல தொகை மிச்சம். கோவை – பொள்ளாச்சி வெளியூர்ப் பஸ்ஸில் அது செல்லாது, தினமும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம் பக்கம் நடுவில் எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் கிணத்துக்கடவில் மேம்பாலத்தின் மேலே போகிற பஸ் ஊருக்குள் நிற்காது. எந்தெந்தப் பஸ் கீழே வந்து ஏற்றிக்கொள்ளும் என்று ஸ்டாப்பில் நிற்கிறவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது: ஒரு வாரம் தங்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து, வீட்டைப் பார்த்து, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். லாட்ஜிலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஐந்து நாள் தங்கி, வேலைக்குப் போகிறவர் அதே நேரத்துப் பஸ்ஸில் போய், அதே நேரத்துக்குத் திரும்பி வரட்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு நாள் உக்கடத்தில் நின்றே பார்த்துவிடுங்கள். ஓவர்டைம் பார்க்கிற வேலை என்றால் இது முக்கியம்.

பொள்ளாச்சிக்குச் சில நாட்கள் உண்டு. செவ்வாயும் வியாழனும் மாட்டுச்சந்தை, அந்தச் சாலைகளில் வண்டிகள் நெருக்கும். சனி ஞாயிறு ஆழியார், வால்பாறை, டாப்சிலிப் போகிற கார்கள் ஊருக்குள் வரிசை கட்டும். அமாவாசையன்று ஆனைமலை மாசாணியம்மன் கோவில் கூட்டம். தைப்பூசத்தின்போது பழனிக்கு நடக்கிற பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரம் நாள் கணக்கில் போகும், அதைப் பார்ப்பதே ஒரு நிறைவு, ஆனால் அந்த வாரம் பஸ் தாமதமாகத்தான் வரும்.

பிறகு காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பொள்ளாச்சியில் நிற்காமல் அடிக்கும். கூடவே சாரல். மேற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கொக்கி சரியாக இருக்கிறதா, துணி காயப்போட மறைவான இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டு வீடோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ என்றால் மேலே தென்னை சாய்ந்திருக்கக் கூடாது. காய்ந்த மட்டை விழுந்தாலே ஓடு நொறுங்கிவிடும். முடிந்தால் ஜூலையில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிப்ரவரியில் வருகிறவர்களுக்கு எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும்.

தண்ணீர்

எங்களுக்கு அடி விழுந்தது இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தில் "நல்ல தண்ணி" என்றால் குழாயில் விடுகிற குடிநீர், "உப்புத் தண்ணி" என்றால் போர் தண்ணீர். வீட்டுக்காரர் "தண்ணிக்குப் பிரச்சினையே இல்லீங்க" என்றால் அது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். கோவையில் சில பகுதிக்குச் சிறுவாணி, சில பகுதிக்குப் பில்லூர். பொள்ளாச்சி நகராட்சிக்கு அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றிலிருந்து எடுக்கிறார்கள். எந்த ஆறு என்பதைவிட எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்பதுதான் குடும்பத்துக்கு வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். அதே தெருவில் குடம் கழுவிக்கொண்டிருக்கிற அக்காவிடம் கேளுங்கள். "ஏனுங்க்கா, நல்ல தண்ணி எப்ப வருமுங்க?" என்று கேட்டால் போதும், நேரத்தோடு சொல்லிவிடுவார். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதாலேயே தினமும் தண்ணீர் வரும் என்று நினைத்துவிட வேண்டாம்.

போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வாருங்கள். சோப்பு நுரைக்கிறதா, கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படிகிறதா, பருப்பு வேகிறதா என்று வீட்டில் பார்த்துவிடலாம். இவ்வளவும் செய்ய ஒரு நாள்தான் ஆகும்.

பொள்ளாச்சியில் நாங்கள் முதலில் எடுத்த வீடு ஊருக்கு வெளியே, தோப்புக்கு நடுவே. அழகான வீடு. பின்னால் சற்றுத் தள்ளி ஒரு தென்னை நார் மில். இரண்டாவது மாதம் கிணற்றுத் தண்ணீர் காபி நிறத்தில் வந்தது. காற்றடித்தால் நார்த்தூள் அடுப்படி வரைக்கும் வரும். மகளுக்கு இருமல் நிற்கவில்லை. நான்காம் மாதம் காலி செய்தோம், அட்வான்ஸில் பாதிதான் கிடைத்தது. நார்த் தொழில் இந்த ஊருக்குச் சோறு போடுகிற தொழில், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மில்லுக்கு எத்தனை தூரம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று பார்க்காமல் அந்தப் பக்கம் வீடு எடுக்காதீர்கள். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் நகராட்சிக்குள்ளேயே பாருங்கள்.

பாதாளச் சாக்கடையா, செப்டிக் டேங்க்கா என்பதையும் கேளுங்கள். டேங்க் என்றால் லாரி கூப்பிடுகிற செலவு யாருடையது என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்

பொள்ளாச்சியில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. காய்ச்சல், பிரசவம், சர்க்கரை, எலும்பு முறிவு இதற்கெல்லாம் ஊருக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று தொடர்ந்து பார்க்க வேண்டியவர் வீட்டில் இருந்தால் கோவைதான். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் போகிறவரை 40 கிலோமீட்டர் அலைக்கழிக்க முடியாது. ஊரிலேயே டயாலிசிஸ் வசதி இருக்கிறதா, இடம் கிடைக்குமா என்று உறுதி செய்துகொண்டு வாருங்கள்.

பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குள் என்றால் இரண்டு ஊரிலும் கவலை இல்லை. பொள்ளாச்சியில் நடந்து போகிற தூரத்தில் பள்ளி கிடைப்பது பெரிய விஷயம், ஸ்கூல் வேனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருகிற குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளஸ் ஒன், பிளஸ் டூ நடுவில் ஊர் மாற்றாதீர்கள். கல்லூரிக்கு 1957-ல் தொடங்கிய என்.ஜி.எம். கல்லூரியும், 1998-ல் தொடங்கிய மகாலிங்கம் பொறியியல் கல்லூரியும் பொள்ளாச்சியிலேயே இருக்கின்றன. விவசாயப் பல்கலைக்கழகம், ஜி.சி.டி. என்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை கோவையில். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்கு இருக்கிற எண்) குறித்துக்கொள்ளுங்கள், புதிய பள்ளியில் அதைக் கேட்பார்கள்.

வீட்டுக்காரரோடு பேசும்போது

இந்தப் பக்கத்துப் பேச்சில் "ங்க" சேர்க்காமல் பேசினால் மரியாதைக்குறைவாகப் படும். "சொல்லுங்க", "சரிங்க", "இல்லீங்க" என்று பழகிக்கொள்ளுங்கள். கடைக்காரரை "அண்ணா" என்றும், தெருவில் மூத்த பெண்களை "அக்கா", "அம்மா" என்றும் கூப்பிட்டால் பேச்சு சுமுகமாகப் போகும். அவர்கள் உங்கள் மகளை "அம்மணி", "கண்ணு" என்று கூப்பிடும்போது அதில் இருக்கிற பிரியம் போகப்போகப் பிடிபடும்.

எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பேர், அசைவமா என்று கேட்பார்கள். சில பேர் சாதியையும் கேட்பார்கள். கோவையில் சுற்றி வளைத்துக் கேட்பதைப் பொள்ளாச்சியில் நேராகவே கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அதைக் கேட்டுத்தான் வீடு தருவேன் என்கிறவர் வீட்டில் உங்கள் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடமாட முடியாது. அடுத்த வீட்டைப் பாருங்கள், கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது.

ஒப்பந்தம் இல்லாமல் குடிபோகாதீர்கள். வாடகை தொடர்பான புதிய சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் அதிகம் கேட்பார்கள், ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் போட்டதுதான், அதனால் அதற்கு முன்பே பேசுங்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ரூபாயில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பாதி அட்வான்ஸ் போனது "பெயிண்ட், ரிப்பேர்" என்ற இரண்டு வார்த்தையில்தான்.

மின்சார மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது மின்வாரியத்தின் இணைப்புக்குத்தான். லைன் வீடுகளில் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. அதையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

குடிபோனதும் ஒப்பந்த நகலை வைத்து ஆதார் முகவரி, காஸ், ரேஷன் அட்டை மூன்றையும் முதல் மாதமே மாற்றிவிடுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. கோவையும் பொள்ளாச்சியும் தனித்தனி நாடாளுமன்றத் தொகுதிகள், மாற்றாமல் விட்டால் ஓட்டுப் போட பழைய ஊருக்குத்தான் போக வேண்டும்.

ஒன்பதாவது மாதம்

முதல் வருடம் எந்த ஊரிலும் இடமோ வீடோ வாங்காதீர்கள். சைட் (வீட்டுமனை) வாங்கச் சொல்லி நச்சரிப்பார்கள், குறிப்பாகப் பொள்ளாச்சிச் சாலை நெடுக. 11 மாத ஒப்பந்தம் போட்டு, ஒன்பதாவது மாதத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காகிதத்தை மறுபடியும் எடுத்து எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள். எங்கள் மகள் இப்போது பத்தாவது முடிக்கிறாள். பிளஸ் ஒன் கோவையில்தான் படிக்க வேண்டும் என்கிறாள், அவள் எழுதிய செவ்வாய்க்கிழமையும் அதைத்தான் சொல்கிறது. அதனால் மறுபடியும் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம், குறிச்சிப் பக்கம். தரைத்தளம் மட்டும். போன ஞாயிறு இரண்டு வீடு பார்த்தோம், முதல் வீட்டில் வாசலுக்கு எதிரே மதில். இரண்டாவது வீட்டு வாசலில் அத்தையைக் கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போய்ப் பார்த்தோம். திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் நல்ல தண்ணி வரும் நேரத்தைக் கேட்டு வைத்திருந்தார்.